வீடு திரும்பிய நோயாளியும் ஊராரின் கடமையும்

மருத்துவமனைக்குச் சென்ற ஒருவரை மருத்துவர் பரிசோதித்து, வீட்டிலேயே இருக்கலாம் என்று அனுப்பிவிட்டால், கவலை தீர்ந்தது என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. ஆனால் சில நோய்களில் கவனிப்பு அப்பொழுதுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கொரோனா அத்தகைய நோய்களுள் ஒன்றாகும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர், சில நாட்களுக்குள் முன்னிலும் மோசமான நிலையில் அங்கேயே திரும்பி வந்தனர். இவ்வாறு நேர்வது ஏன், யாருக்கு நேர்கிறது, அவர்களை உரிய காலத்தில் கொண்டு சேர்ப்பது எப்படி என்பவற்றை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

கொரோனாவால் விளைந்த உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அறிவித்தது. ஆயினும் அக்கிருமி மறைந்துவிடவில்லை. தடுப்பூசியாலும், முன்பே நோய் கண்டு தேறியதாலும் பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருப்பதால் அதன் கடுமை குறைந்துள்ளது. முதியோருக்கும், நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் உடையோருக்கும் அபாயம் இன்றும் உண்டு. அன்றியும், அந்நோயிடமிருந்து நாம் கற்ற பாடம் வேறு நோய்களுக்கும் பொருந்துவதாகும்.

திரும்பி வந்தோர் எத்தனை பேர்?

2020ஆம் ஆண்டு நோய் பரவத் தொடங்கிய மாதங்களில், அமெரிக்காவில் ஐந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட 1,419 கொரோனா நோயாளிகளின் விவரங்களைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் மூன்று நாட்களுக்குள் திரும்பி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு வாரம் முழுவதையும் கணக்கிட்டால் அத்தொகை நூற்றுக்கு 8 பேருக்கு மேல் ஆயிற்று. அறுபது வயதைக் கடந்தோர், முதல் வருகையிலேயே காய்ச்சல் இருந்தோர், இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருந்தோர் ஆகியோரே பெரும்பாலும் திரும்பி வர நேர்ந்தது.

நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வாரத்தில் மருத்துவமனைப் படுக்கை தேவைப்படவில்லை என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. ஆகவே வீட்டுக்கு அனுப்பியது தவறன்று. எல்லோரையும் சேர்த்துக்கொண்டால், உண்மையிலேயே மூச்சுத் திணறும் நோயாளிக்குப் படுக்கை கிடைக்காது. வீட்டுக்கு அனுப்பிய பின் கவனிக்க ஆளின்றி விடுவதுதான் தவறு. நாற்றை நட்டுவிட்டு வயலைப் பாராதிருக்கும் விவசாயி எவரும் இல்லை, இதுவும் அத்தகையதே.

நோயின் போக்கு

முதல் சில நாட்களில் கிருமி உடலில் பெருகுகிறது. காய்ச்சல், இருமல், உடல்வலி ஆகியன தோன்றுகின்றன. பெரும்பாலோர் இத்துடன் தேறிவிடுவர். சிலருக்கோ, கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சக்தியே அளவு மீறி நுரையீரலை வீங்கச் செய்கிறது. இவர்களுக்கு மூச்சு முட்டுதல் பெரும்பாலும் நோய் தொடங்கிய 5ஆம் நாளிலிருந்து 8ஆம் நாளுக்குள் தோன்றுகிறது. 8ஆம் நாளுக்கும் 12ஆம் நாளுக்கும் இடையில் நிலைமை மிகவும் முற்றக்கூடும். மூன்றாம் நாள் பரிசோதித்தபோது நுரையீரல் தெளிவாக இருந்தவர், ஏழாம் நாள் மூச்சுக்குத் தவிப்பதன் காரணம் இதுவே. ஆகையால் காய்ச்சல் கண்ட முதல் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவைத்து, அதிலிருந்தே நாட்களை எண்ண வேண்டும். மருத்துவமனைக்குச் சென்ற நாளிலிருந்து எண்ணுதல் கூடாது.

இந்நோயில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. மூச்சுத் திணறும் உணர்வைப் பெரிதும் எழுப்புவது உடலில் தேங்கும் கரியமிலவாயுவே ஆகும். கொரோனாவில் சிலருக்குக் கரியமிலவாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்க, பிராணவாயு மட்டும் குறைந்துகொண்டே போகும். அவர்கள் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பர். ஆனால் ஆபத்து அவர்களை நெருங்கியிருக்கும்.

கருவியும் கேள்வியும்

விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இங்கே உதவுகிறது. விரல் குளிர்ந்திருக்கலாகாது, நகச்சாயம் இருக்கலாகாது, சற்று நேரம் அமைதியாக அமர்ந்த பின் பார்க்க வேண்டும். அளவு 94க்குக் கீழே இறங்கி, மீண்டும் பார்த்தபோதும் அவ்வாறே இருந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 90க்குக் கீழே இறங்கினால் நோய் கடுமையானது என்று அறியலாம். கறுத்த மேனியில் இக்கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020ஆம் ஆண்டு இறுதியில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஆதலின் எண் நன்றாக இருக்கிறது என்று மட்டும் நம்பி, நோயாளி படும் சிரமத்தைப் புறக்கணித்தல் கூடாது.

கருவி இல்லாத வீட்டார் மனம் தளர வேண்டியதில்லை. அதே பல்கலைக்கழகத்தார், வீட்டிலிருந்த நோயாளிகளுக்கு நாள்தோறும் இருமுறை கைப்பேசிச் செய்தி அனுப்பி, மூச்சு எவ்வாறு உள்ளது என்று கேட்டனர். சிரமம் என்று பதில் அளித்தவர்களோடு செவிலியர் உடனே பேசினர். இவ்வாறு கேட்பதோடு கருவியையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா என்று சோதித்து, 2022ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தவறாமல் கேட்பதும், பதிலைக் கேட்டவுடன் செயற்படுவதுமே முக்கியம் என்பது இதனால் விளங்கும். இது எந்தக் கிராமத்திலும் செய்யக்கூடியது.

"சௌக்கியமா?" என்று கேட்டால் "சௌக்கியம்" என்றே பதில் வரும். ஆதலால் கேள்வி திட்டமாக இருத்தல் வேண்டும். நேற்றைவிட இன்று மூச்சு விடச் சிரமமா? ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? கொல்லைப்புறம் வரை நடந்தால் இளைப்பு வருகிறதா? உணவும் நீரும் உட்கொள்ள முடிகிறதா?

கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் காத்திருத்தல் கூடாது:

1. மூச்சு விடுவதில் சிரமம்.
2. நெஞ்சில் நீங்காத வலி அல்லது அழுத்தம்.
3. மனக்குழப்பம், அல்லது எழுப்பினாலும் எழாத மயக்கம்.
4. பிராணவாயு அளவு 94க்குக் கீழே இறங்குதல்.
5. மூன்று நாட்களுக்கு மேலும் தணியாத கடுங்காய்ச்சல்.

மருந்துக் கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்பது தீங்காகும். டெக்ஸாமெதசோன் என்னும் அம்மருந்து, பிராணவாயு செலுத்தும் நிலையிலிருந்த நோயாளிகளின் உயிரைக் காத்தது என்பது 2020ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்த சோதனையில் தெரிந்தது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதும் அதே சோதனையில் தெரிந்தது.

ஊராட்சி செய்யக்கூடியவை

நம் கிராமங்களில் உயிர் போவது பல சமயம் மருந்து இல்லாமையால் அன்று, தாமதத்தால் ஆகும். இரவில் பிறரைத் தொந்தரவு செய்யலாகாது என்று முதியோர் பொறுத்துக்கொள்வர். விடியட்டும் என்பர். முன்பே பார்த்து அனுப்பிவிட்டார்களே, மறுபடியும் போனால் கோபிப்பார்களோ என்று தயங்குவர். மீண்டும் செல்வது குற்றமன்று, அது நோயாளியின் உரிமை என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் வீடுதோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். 108 ஆம்புலன்சு இரவும் பகலும் கட்டணமின்றி வருவதையும் நினைவூட்ட வேண்டும்.

தொற்று பரவும் காலங்களில், வீடு திரும்பிய நோயாளிகளின் பட்டியலை அவர்கள் இசைவுடன் தயாரித்து, நோய் தொடங்கிய தேதியை அதில் குறிக்கலாம். ஒவ்வொரு தெருவுக்கும் பொறுப்பான இருவரை அமர்த்திக் காலையிலும் மாலையிலும் விசாரிக்கச் செய்யலாம். தனித்து வாழும் முதியோரை முதலில் கவனிக்க வேண்டும். சிரமம் என்று தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செய்தி போக வேண்டும். மருத்துவமனைச் சீட்டை நோயாளியுடன் அனுப்பினால், இரண்டாம் முறை பார்க்கும் மருத்துவருக்கு அது பேருதவியாகும். நோயாளியின் வீட்டை ஊரார் ஒதுக்கிவைத்தல் கூடவே கூடாது. ஒதுக்கப்பட்டவர்கள் நோயை மறைப்பர். மறைத்த நோய் முற்றிய பின்னரே வெளிப்படும்.

இவ்வழக்கம் டெங்குக் காய்ச்சலுக்கும் பயன்படும். அதில் காய்ச்சல் தணியும் நேரமே ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் எது கண்டாலும் வீடு திரும்பியவர் உடனே மீண்டும் மருத்துவமனை செல்ல வேண்டும்.

சாலையும் கிணறும் போலவே இதுவும் ஊர் வளர்ச்சிப் பணியாகும். இதற்குப் பெரும் நிதி வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுப்புள்ள சிலரும், நாளுக்கு இருமுறை கேட்கும் கேள்வியும் போதும். அடுத்த கிராம சபையில் இதனை விவாதித்து, தெருவுக்கு இருவரை இப்பொழுதே தேர்ந்து வைத்தல் நன்று. நோய் வந்த பின் ஆள் தேடுவதற்கு நேரம் இருப்பதில்லை.