ஊசியில் ஏறும் கடற்பாசி



திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒரு பிள்ளையின் உம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். மகன் விழுந்து முதுகு முறிந்து இரண்டு வருடம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. "இந்தியாவில ஸ்டெம் செல் ஊசி போட்டா நடப்பானாம் எண்டு ஒரு தரகர் சொல்றார். வளவ வித்துப் போடட்டா, மௌலவி?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

முறிந்த எலும்பு கூடும். அறுந்த முண்ணாண் அப்படிக் கூடுவதில்லை. அவ்விடத்தில் மூலக்கலங்களை ஏற்றி நரம்பிழையம் வளர்க்கப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். வெறும் திரவத்தில் ஏற்றினால் பெரும்பாலான கலங்கள் செத்துப்போகின்றன. அதற்காகத்தான் ஹைட்ரோஜெல். நோன்பு துறக்க நாம் காய்ச்சும் கடற்பாசியை நினையுங்கள்: ஏறக்குறைய எல்லாம் தண்ணீர், ஆனாலும் வெட்டி எடுக்கலாம். கடற்பாசி ஆறினால் உறையும். ஊசி ஜெல்களில் சில நேர்மாறு. குளிரில் இளகியிருந்து உடற்சூட்டில் உறைந்து, கலங்களைத் தொட்டில்போல் தாங்கும். பிறகு கரைந்துபோகும்.

2021இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழுவினர் இத்தகைய ஜெல்லை முண்ணாண் அடிபட்ட எலிகளுக்கு மறுநாளே ஏற்றினர். நான்கு வாரத்தில் அவை நடந்தன. கவனியுங்கள்: எலிகள். அந்த ஊசியில் மூலக்கலமும் இல்லை.

மனிதரில்? ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் நால்வருக்குத் தலா 20 இலட்சம் கலங்கள் ஏற்றி, 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது. இருவருக்கு முன்னேற்றம், அவர்களில் ஒருவர் உதவியின்றி எழுந்து நின்றார். ஆனால் நால்வரும் அடிபட்டு ஒரு மாதத்துக்குள் ஊசி பெற்றவர்கள். இந்தப் பிள்ளைக்கோ இரண்டு வருடம்.

தரகர் சொல்லும் பெயர் பொய்யல்ல, அதுதான் சிக்கல். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கும் என்பு மச்சை மாற்றும் மூலக்கல வைத்தியமே. ஆனால் அது இரத்த நோய்களுக்கு. மற்ற நோய்களுக்கு, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே மூலக்கலம் ஏற்றுவது முறையற்றது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது.

மார்க்கம் தடுக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். தொப்புள்கொடி இரத்தம், வளர்ந்தவரின் உடல் இவற்றிலிருந்து கலம் எடுக்கலாம், அதற்கென்றே கருவைக் கலைப்பது ஹராம் என மக்காவிலுள்ள பிக்ஹ் சபை 2003இல் முடிவு செய்தது. அந்த உம்மாவின் கேள்வி அதுவல்ல. அவர் கேட்டது வளவைப் பற்றி.

விற்க வேண்டாம் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப முதுகுப் புண்ணுக்கு என்ன செய்ற?" என்றார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும், றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலையையும் சொன்னேன். அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் என் மாணவர்கள் நால்வர் போய் அந்த வீட்டு வாசற்படியை இடித்து, சக்கர நாற்காலி இறங்கச் சரிவு கட்டினார்கள்.