கொடி ரோஜா வாங்கப் போறீங்களா? செஞ்சி வெயிலில் இதைக் கவனிங்க!

பாறைக் குன்றுகள் சூழ்ந்த செஞ்சியில் கோடை வெயில் கொளுத்தும். நிறத்தை மட்டும் பார்த்து ரோஜா வாங்கினால் ஏமாற வாய்ப்பு உண்டு.

வாசனைக்கு எது?

பன்னீர் ரோஜா எனப்படும் எட்வர்டு ரோஜா. இளஞ்சிவப்பு நிறம், அடுக்கு இதழ், நல்ல மணம். தமிழகத்தில் உதிரிப்பூவுக்காகப் பயிராகும் ரகம். பூத்திருக்கும் செடியைக் காலையில் முகர்ந்து பார்த்து வாங்குங்க.

கொடி ரோஜா எப்படி ஏறும்?

அவரைக்கொடி மாதிரி தானாகச் சுற்றாது, கம்பியில் கட்டணும். கிளையைப் படுக்கையாக வளைத்துக் கட்டினால் பக்கக் கிளைகள் துளிர்த்து, பூ கூடும்.

உஷார்!

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர், வேர்ச்செடியுடையது. ‘கொடி ஓடுது’ என்று விட்டுவிட்டால் சத்தெல்லாம் அதற்கே போகும். காசு கொடுத்து வாங்கிய ரகம் நலிந்துவிடும். பார்த்ததும் அடியோடு பிய்த்து எடுங்க.