பாய்மரம் வந்த காற்று: முசிறி அன்று, கொச்சி இன்று

மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்துக்குப் போவது உசிதமல்ல என்று கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டார். ரோமானிய அறிஞர் பிளினி. அவர் சொல்லும் காரணங்கள்: பக்கத்திலேயே கடற்கொள்ளையர் இருக்கிறார்கள். சரக்கும் அப்படியொன்றும் இல்லை. கப்பல் கரையை அண்ட முடியாது. வெகு தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும்.

பிளினி இந்தப் பக்கம் வந்தவரல்ல. போய் வந்தவர்கள் சொன்னதை வைத்து எழுதியவர். கரையைப் பற்றி அவர் சொன்னது சரி. நம் புறநானூற்றிலும் முசிறியில் மரக்கலத்துப் பொன்னைக் கழித்தோணிகள்தான் கரைக்குக் கொண்டுவருகின்றன. ஆனால் சரக்கு இல்லை என்று அவரிடம் சொன்ன ஆள் கரையோடு திரும்பிப் போனவனாக இருக்க வேண்டும். மிளகு மேற்கு மலைகளில் இருந்தது. கல்லும் இரும்பும் அதற்கும் கிழக்கே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, நம்ம கொங்கு நாட்டில் இருந்தன.

அன்றைக்கு முசிறி, செங்கடலில் புறப்படும் மாலுமிக்கு உலகத்தின் ஓரத்தில் கிடந்த ஓர் ஊர். எகிப்திலிருந்து நடுக்கோடையில் கிளம்புவார்கள். செங்கடல் வாயில் ஒசேலிஸ் துறையைத் தொட்டு, தென்மேற்குக் காற்றைப் பாயில் பிடித்தால் நாற்பது நாளில் முசிறி. இதுவும் பிளினி கணக்குதான். கொள்ளையருக்குப் பயந்து கப்பலில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது. காற்று திசை மாறும் மார்கழி வரைக்கும் ஊரில் கிடக்க வேண்டும். அத்தனை நாளும் அவர்கள் பார்த்தது ஆற்று முகத்துவாரமும் தென்னையும் உப்பங்கழியும்தான். கணவாய்க்கு இந்தப் பக்கம் நொய்யல் என்று ஓர் ஆறு ஓடுவது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அவர்களின் காசுக்கு மட்டும் நன்றாகவே தெரிந்திருந்தது. இந்தியாவில் ரோமானியக் காசுகள் மிக அதிகமாகக் கிடைத்த பகுதிகளில் ஒன்று கோவை வட்டாரம். வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோயமுத்தூர்க்காரருக்கு ஞாபகம் வருவது மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் காசுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அந்தக் கரூரின் பொன் வணிகன் ஒருவனைப் பற்றிப் புகலூர்க் கல்வெட்டு பேசுகிறது.

கொடுமணல் கதை இன்னும் சுவையானது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கும் சிற்றூர். 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் பளிங்கு, சூதுபவளம், பெரில், நீலக்கல் ஆகியவற்றில் மணி செய்த தொழிற்கூடங்களும், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்தன. பதிற்றுப்பத்து, கொடுமணம் என்ற பெயரில் இவ்வூரின் நகைகளையும் பந்தர் என்ற கடல்துறையின் முத்தையும் ஒரே மூச்சில் சொல்கிறது. புலவருக்கு இரண்டும் ஒரே சந்தையின் இரு முனைகளாகப் பட்டிருக்க வேண்டும்.

கொடுமணலுக்குக் கல் கொடுத்த இடங்களில் காங்கேயம் பக்கத்துப் படியூரும் ஒன்று. 1819-20இல்கூட ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே பெரில் தோண்டி எடுத்தார். பெரில் கற்களில் கடலின் பசுமை கொண்டவைதான் உயர்ந்தவை, அவை இந்தியாவை விட்டால் வேறெங்கும் அபூர்வம் என்று எழுதியவரும் அதே பிளினிதான். மழையையே அண்ணாந்து பார்த்துக் கிடக்கும் காங்கேயம் சீமையின் மண்ணுக்கடியில் கடல் நிறத்துக் கல்! முசிறியில் சரக்கு இல்லை என்றவருக்கு, தம் ஊர்ச் சீமாட்டிகள் காதிலும் விரலிலும் மின்னியது எந்த வழியாக வந்தது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கொங்கிலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போகப் பெரிய மலை எதையும் ஏற வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. உப்பு ஏற்றிய உமணர் வண்டிகளும், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளும், சாலையில் சுங்கம் வாங்கும் காவலரும் சங்கப் பாட்டுகளில் நிறையவே வருகிறார்கள். இந்தக் காலத்தில் கணவாய்ச் சாலையின் வாளையார் சோதனைச் சாவடி வரிசையில் இரவெல்லாம் நின்ற லாரி ஓட்டுநருக்கு அதெல்லாம் பழங்கதையாகத் தோன்றாது. 2017இல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகளை எடுத்த பிறகுதான் அந்த வரிசை ஒழிந்தது.

முசிறி என்ன ஆயிற்று? 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் துறையைத் தூர்த்துவிட்டுத் தெற்கே கொச்சியில் புது வாயைத் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கொடுங்கல்லூருக்குத் தெற்கே பட்டணம் கிராமத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில், ரோமானியச் சாடிகளின் உடைசல்களோடு படகுத்துறையும் மரத்தோணி ஒன்றும் வெளிப்பட்டன. இதுதான் முசிறி என்று பலர் ஏற்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. இப்போது கேரள அரசின் முசிறி மரபுத் திட்டப் படகு கோட்டப்புறம் துறையிலிருந்து பயணிகளைச் சுற்றிக் காட்டுகிறது. குருவாயூர் போய்விட்டு அப்படியே கொடுங்கல்லூர் அம்மனையும் கும்பிட வரும் நம்ம ஊர்க் குடும்பங்கள் சில அதில் ஏறுவதுண்டு. தாங்கள் பார்ப்பது ஒரு காலத்தில் தங்கள் ஊரின் துறைமுகம் என்பதை அங்கே யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

கொச்சிக்கும் பிளினியின் குறை லேசில் தீரவில்லை. முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்துக் கிடந்ததால் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நின்றன. சரக்கு படகுகளில்தான் வந்தது, போனது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி வழி எடுத்தார். வாரிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உண்டாக்கினார். 1928இல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. ரோமாபுரியில் எழுதிய ஒரு புகாருக்குத் தீர்வு கிடைக்கக் கிட்டத்தட்டப் பத்தொன்பது நூற்றாண்டுகள் பிடித்திருக்கின்றன.

இன்று பாய்மரத்தில் வருபவர்கள் வணிகர்கள் அல்ல. நாற்பது அடி யாட்டில் கணவனும் மனைவியுமாக உலகம் சுற்றுபவர்கள். தாய்லாந்தில் கிளம்பி, இலங்கையின் காலித் துறையில் தங்கி, கொச்சிக்கு வருவார்கள். துறைமுகம், சுங்கம், குடியேற்றம் என்று காகித வேலைகளை முடித்துக்கொண்டு, 1744இல் டச்சுக்காரர் கட்டிய போல்காட்டி அரண்மனைக்குப் பக்கத்துப் படகுத்துறையில் யாட்டைக் கட்டுவார்கள். சீனவலையையும் மட்டாஞ்சேரியையும் பார்ப்பார்கள். அடுத்த கடல் பயணத்துக்காக எர்ணாகுளம் சந்தையில் தக்காளி, வெங்காயம், முட்டைகோஸ் வாங்கி அடுக்குவார்கள். கேரளத்துக் காய்கறியில் நிறையவே வாளையார் தாண்டி வருவது என்பதால், அந்தத் தக்காளி பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டத்தில் பறித்ததாக இருக்கலாம். அன்றைய மாலுமியைப் போலவே இவர்களும் கொங்கைப் பார்க்காமலே அதன் விளைச்சலை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

கொள்ளையர் பயமும் போகவில்லை. 2011 பிப்ரவரியில் இந்தியாவிலிருந்து ஓமான் நோக்கிப் போன ‘குவெஸ்ட்’ என்ற யாட்டைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். அதிலிருந்த அமெரிக்கர் நால்வரும் கொல்லப்பட்டார்கள். 2023 கடைசியில் யேமனின் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின் செங்கடல் வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன படகுகள் உண்டு. வில்லாளிகளோடு வந்தவர்கள் துணிந்தது அந்தச் செங்கடல் பாதையில்தான்.

பருவத்தில்தான் பெரிய வித்தியாசம். திரும்பும் பயணத்துக்கு இன்றைய யாட்காரரும் அன்றைய கப்பல்காரர் காத்திருந்த அதே வடகிழக்குக் காற்றை நம்பித்தான் மார்கழி, தை மாதங்களில் மேற்கே பாய் விரிக்கிறார். ஆனால் அவர்களைக் கொண்டுவந்த தென்மேற்குப் பருவத்தில் இவர் கடலில் இருக்கவே மாட்டார். வைகாசி பிறப்பதற்குள் பத்திரமான துறை ஒன்றில் ஒதுங்கிவிடுவார். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் சின்னப் படகை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அந்தக் காற்றுதான் கணவாய்க்குள் புகுந்து, கோயமுத்தூரைக் குளிர்வித்து, பல்லடம், உடுமலை மேட்டுக்கு ஏறுகிறது. அங்கே வைகாசி முதல் புரட்டாசி வரைக்கும் காற்றாலைகளுக்கு ஓய்வில்லை. அவற்றில் கணிசமானவை நூற்பாலைகளும் பனியன் கம்பெனிகளும் தங்கள் மின்சாரத்துக்காகவே நட்டவை. முதலாளிமார் பருவமழைச் செய்தியைவிடக் காற்றுச் செய்தியைக் கவனமாகக் கேட்பது இதனால்தான். அந்தக் காற்று தறியாகவும் ஊசியாகவும் ஓடி, திருப்பூர் பனியனாகி, கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போகிறது. ஒரு பங்கு கணவாய் இறங்கி, 2011இல் திறந்த கொச்சி வல்லார்பாடம் முனையத்துக்கும் போகிறது. கப்பல் அங்கே கரையை ஒட்டியே நிற்கிறது. தோணி தேவையில்லை.