கப்டகட் முகாமின் சாதாரண நாட்கள்

கென்யாவின் எல்டோரட் நகருக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கப்டகட். ரியோ, டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் மாரத்தான் தங்கம் வென்ற எலியுட் கிப்சோகே பல ஆண்டுகள் பயிற்சி பெற்றது அங்குள்ள எளிய முகாம் ஒன்றில்தான். வார நாட்களில் குடும்பத்தைப் பிரிந்து அங்கேயே தங்குவார். பெருக்குவதும் கழிவறை கழுவுவதும் வீரர்கள் முறைவைத்துச் செய்யும் வேலைகள்; அவருக்கும் அதில் விலக்கு கிடையாது. சாப்பாடு, மக்காச்சோள மாவில் கிண்டிய ஊகாலி என்ற களி, கீரை, பயறு, பால் தேநீர். காலையில் ஓட்டம், பெரும்பாலும் மாலையில் இன்னொன்று, இடையில் உறக்கம். வேடிக்கை பார்க்கப் போனவருக்கு இதில் பார்க்க எதுவும் இருக்காது. ஆனால் 42.195 கிலோமீட்டர் ஓடும் வலிமை, சுவையற்ற இந்த நாட்களின் ஒழுங்கில்தான் சேர்கிறது.

காரணம் உடம்பின் கணக்கில் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். மாரத்தான் முழுவதற்கும் சுமார் 2,500. தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்தோ ஏறத்தாழ 2,000 கலோரிதான் தரும். அதனால்தான் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் பலருக்குக் கால்கள் இரும்பாகக் கனக்கின்றன. ஓடுபவர்கள் அதைச் ‘சுவரில் மோதுவது’ என்கிறார்கள். உடம்பில் கொழுப்பு தாராளமாக இருக்கிறது. ஆனால் அதை எரிபொருளாக்க ஆக்சிஜன் வேண்டும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருக வேண்டும், ஆற்றல் ஆக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் கூட வேண்டும். இந்தக் குழாய்களையும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் பெருமளவு வளர்ப்பது நீண்ட நேரம் நிதானமாக ஓடும் ஓட்டம். உலகின் முன்னணி நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் செய்லர், அதில் ஏறத்தாழ 80 சதவீதம் மெதுவானது என்று கண்டார். 2022இல் பெர்லினில் கிலோமீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 52 வினாடி வேகத்தில் ஓடி, 2:01:09 என்ற அன்றைய உலக சாதனையைப் படைத்த கிப்சோகேயும், பயிற்சியில் தம் முழு வலிமையைக் காட்டுவதில்லை என்றே சொல்லியிருக்கிறார்.

பயிற்சியிலேயே வருந்தாதவர் பந்தயத்தில் எப்படித் தாங்குவார் என்று கேட்கலாம். கப்டகட்டிலும் கடினமான நாட்கள் உண்டு: செவ்வாயன்று மைதானத்தில் வேக ஓட்டம், வியாழனன்று 30 அல்லது 40 கிலோமீட்டர், சனிக்கிழமை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டம். அந்த மூன்று நாட்களும் உருப்படியாக அமையவே மற்ற நாட்களில் அடக்கம் காக்கிறார்கள். ஓட்டம் தசையைச் சிதைக்கிறது. உறக்கமும் உணவும் அதை மீண்டும் கட்டுகின்றன. அதிலும் இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு இலகுவாகிவிட்டதே என்று தூரத்தைச் சட்டென்று கூட்டுபவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இந்த இடைவெளியால்தான்.

கென்யர்களின் வெற்றிக்கு உயரமும் பிறவியும்தானே காரணம் என்பது அடுத்த கேள்வி. மலைக்காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. மெலிந்த கால்களும் உதவுகின்றன. அதை மறுக்க முடியாது. ஆனால் அதே மேட்டுநிலத்தில், அதே உடல்வாகுடன் வாழும் பல லட்சம் பேரும் மாரத்தான் வீரர்கள் ஆகிவிடவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்ற பேட்ரிக் சாங் கிப்சோகேயின் பயிற்சியாளராக இருந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே ஒழுங்கைக் காத்தார். பிறவி தந்ததை அந்த ஒழுங்குதான் பலனாக்கியது.

வேலைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எப்படிச் சாத்தியம் என்ற கேள்விதான் நியாயமானது. பகலில் உறங்க அவருக்கு வாய்ப்பில்லை. ஆகவே அவருக்கு நிதானம் இன்னும் அவசியம். அலுவலகக் களைப்பும் ஓடிய களைப்பும் ஒரே உடம்பில்தான் சேர்கின்றன. வாரம் நான்கு நாள் ஓடினாலும் போதும். பெரும்பாலான ஓட்டங்களில் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் இதயத் துடிப்பு தானே ஏறும் என்பதால் வேகத்தை மேலும் குறைக்க வேண்டும். விடியுமுன் எழ வேண்டுமென்றால் இரவு ஒன்பதரைக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும்.

இங்கேதான் முகாமின் துடைப்பம் நினைவுக்கு வர வேண்டும். காலை ஐந்து மணி ஓடுவதற்கு ஏற்ற நேரம். நம் வீடுகளில் அடுப்பு பற்றவைக்கும் நேரமும் அதுதான். கணவன் ஓடப் போகும்போது காலைச் சமையலும் பிள்ளைகளைக் கிளப்புவதும் சத்தமில்லாமல் மனைவி தலையில் விழுகின்றன. மனைவி ஓட விரும்பினால் அந்த வேலைகளை ஏற்க ஆளில்லை. இருட்டில் தனியே போகிறாளே என்ற கவலை வேறு. வீட்டு வேலைகளைப் பங்கிடாமல் பயிற்சி அட்டவணை மட்டும் போட்டால், அந்த ஒழுங்கின் விலையை இன்னொருவர் கொடுக்கிறார். ஒலிம்பிக் தங்கம் வென்றவரே முறைவைத்துக் கழிவறை கழுவினார். மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் எவரும், எந்த வேலையை இனி யார் செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் காலணி வாங்கப் போகட்டும்.