இந்த டிபி யாரிடமிருந்து ஒட்டியது?

மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ ஒருவருக்கு மருந்துக்கு மசியாத டிபி என்று தெரிந்ததும் வீட்டில் விழும் முதல் பேச்சு, "மாத்திரையைப் பாதியில விட்டிருப்பான்" என்பதுதான். சில சமயம் அது உண்மை. ஆனால் ஏற்கெனவே மருந்தை வென்றுவிட்ட கிருமியே பக்கத்து வீட்டு இருமலிலிருந்து நேராக வந்திருக்கலாம். எது நடந்தது என்பதை வழக்கமான சளிப் பரிசோதனை சொல்லாது. கிருமியின் முழு மரபணு வரிசையைப் படித்தால் பெரும்பாலும் புரிந்துவிடும்.

டிபி கிருமியின் மரபணுவில் சுமார் 44 லட்சம் எழுத்துகள். வேறு பல கிருமிகள் மருந்தை எதிர்க்கும் திறனை அக்கம்பக்கத்துக் கிருமிகளிடம் கடன் வாங்கும். டிபி கிருமிக்கு அந்தப் பழக்கம் இல்லை, தன் எழுத்து மாறினால்தான் உண்டு. அதுவும் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு எழுத்துதான் மாறும். இரண்டு நோயாளிகளின் கிருமிகள் ஐந்து எழுத்துக்குள் ஒத்துப்போனால், தொற்று அண்மையில் பரவியது என்று ஊகிக்கலாம்.

மாஹிம் இந்துஜா மருத்துவமனையின் மருத்துவர் ஜரீர் உத்வாடியா குழு, சோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத நான்கு நோயாளிகளைப் பற்றி 2011 இறுதியில் எழுதியபோது நாடே பதறியது. இத்தகைய கிருமிகள் ஆளுக்கு ஆள் பரவுகின்றனவா என்று வரிசை படித்து விடை தேடிய ஆய்வு 2022-ல் வந்தது. மும்பையின் ஒரு பெரிய மருத்துவமனை ஆய்வகத்துக்கு வந்த 1,852 கிருமிகளில் 1,016 பல மருந்துகளை எதிர்த்தன. அவற்றில் 703, ஃப்ளூரோகுயினோலோன் வகை மருந்துக்கும் மசியவில்லை. இந்த 703-ல் ஏறக்குறைய பாதி, பெய்ஜிங் வகையைச் சேர்ந்த மூன்றே மூன்று கூட்டங்கள். ஆளுக்கு ஆள் மாத்திரையை விட்டதால் மட்டும் இத்தனை பேரிடம் ஒரே கிருமி வராது. (பெரிய மருத்துவமனைக்கு முற்றிய நோயே அதிகம் வரும், இதை நகரம் முழுவதற்குமான விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.)

மருந்து எதிர்ப்பை விரைவாகக் கண்டறியும் சிபிநாட் பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும், நல்ல கருவிதான். ஆனால் ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்கான எதிர்ப்பைத் தேட அது பார்ப்பது 81 எழுத்துகளை மட்டும். ஆப்பிரிக்காவின் எஸ்வாத்தினியில் 2009-ல் சேகரித்த பல மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் 30 சதவீதம், அந்த 81-க்கு வெளியே மாறி, அதன் கண்ணில் படாமல் தப்பின.

இப்போதைய கவலை பெடாகுவிலின் என்ற மருந்துக்கான எதிர்ப்பு. பல மருந்து எதிர்ப்பு டிபிக்காக 2024-ல் இந்தியா ஏற்ற ஆறு மாத சிகிச்சையின் முதுகெலும்பு அந்த மருந்துதான். அதை முறியடிக்கும் எழுத்து மாற்றங்கள் ஒரே இடத்தில் வராமல் சிதறி வருவதால், குறுகிய பரிசோதனையில் பிடிபடுவது கடினம். வரிசை படிப்பதற்குக் கிருமியைப் பெரும்பாலும் சில வாரம் வளர்த்தாக வேண்டும், செலவும் உண்டு. எல்லோருக்கும் செய்ய முடியாவிட்டாலும், இந்தச் சிகிச்சை பலிக்காதவர்களின் சளியையாவது முதலில் அனுப்ப வேண்டும். ஒத்த கிருமிகள் கிடைத்தால் அந்த வீடுகளைச் சுற்றி உள்ளவர்களைச் சோதிக்க வேண்டும்.