புராதன சின்னம் பக்கத்துல வீடா? புழக்கடையில் பலகை மேடை போடும் முன் இதை படிங்க!

மாமல்லபுரம்:

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் பலகை அடித்து ஒரு மேடை. மேலே ஒரு ஷீட். சாயங்காலம் கடல் காத்து வாங்கிக்கிட்டு நாலு பேர் உட்காரலாம். அறை வாடகைக்கு விடுகிறவர்கள் என்றால் சுற்றுலா பயணிகளுக்கு அங்கேயே டிபன் போடலாம். மாமல்லபுரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் பலருக்கும் இந்த ஆசை உண்டு.

ஆனால் மாமல்லபுரம் மற்ற ஊர் மாதிரி கிடையாது. கடற்கரைக் கோவில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, குகை மண்டபங்கள் என்று பல்லவர் காலத்து சின்னங்கள் ஊர் முழுக்க பரவி நிற்கின்றன. 1984-ம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் இடம் பிடித்த ஊர் இது. இங்கே புழக்கடையில் நாலு கம்பம் ஊன்றுவதற்கும் சட்டம் இருக்கிறது.

"பின்பக்கம்தானே, யாரு வந்து பார்க்கப் போறா" என்று நினைத்து வேலையை ஆரம்பிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடன் வாங்கி கட்டியதை பிறகு இடிக்கச் சொன்னால் அந்த பணம் போனதுதான்.

100 மீட்டர், 200 மீட்டர் கணக்கு

மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1958-ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. அந்த சட்டம் 2010-ல் திருத்தப்பட்டு கடுமையாக்கப்பட்டது.

அதன்படி சின்னத்தின் எல்லையில் இருந்து எல்லா திசையிலும் முதல் 100 மீட்டர் "தடை செய்யப்பட்ட பகுதி". அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டர் "ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி". ஆக மொத்தம் 300 மீட்டர்.

இதில்தான் நிறைய பேர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். கோபுரத்தில் இருந்தோ, பாறையில் இருந்தோ டேப் பிடிக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையில் இருந்துதான் அளக்க வேண்டும். கோவிலில் இருந்து 130 மீட்டர் தூரம் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கும் வீடு, எல்லையில் இருந்து அளந்தால் 80 மீட்டரில் வந்து நிற்கலாம்.

ஒரே ஊரில் பல சின்னங்கள் இருப்பதால் ஒரு சின்னத்தின் 100 மீட்டரில் இருந்து தப்பிய வீடு, இன்னொரு சின்னத்தின் 100 மீட்டரில் சிக்குவதும் உண்டு. அதனால் சுற்றிலும் உள்ள எல்லா சின்னங்களில் இருந்தும் தூரத்தைப் பார்க்க வேண்டும்.

மேடை கட்டிடமா?

"சுவர் இல்லை, கான்கிரீட் இல்லை, வெறும் பலகைதானே, இது எப்படி கட்டிடம் ஆகும்?" என்று கேட்கலாம்.

சட்டத்தில் "கட்டுமானம்" என்றால் எந்த ஒரு அமைப்பும், கட்டிடமும் அதில் அடங்கும். ஏற்கனவே இருக்கிற வீட்டை மேல்பக்கமாக உயர்த்தினாலும், பக்கவாட்டில் நீட்டினாலும் அதுவும் கட்டுமானம்தான். பின்சுவரை ஒட்டி மேடை போட்டு ஷீட் இறக்கினால் அது வீட்டை பக்கவாட்டில் நீட்டுவதாக ஆகிவிடும். மரமா, சிமெண்டா என்பது இங்கே கேள்வியே இல்லை.

கயிற்றுக் கட்டில், பெஞ்சு, தூக்கி வைக்கிற மர மேசை போடுவதற்கு யாரும் கேட்கப் போவதில்லை. குழி தோண்டி கம்பம் நட்டால்தான் விஷயம் மாறுகிறது.

யாருக்கு என்ன அனுமதி?

முதல் 100 மீட்டருக்குள் வீடு இருந்தால் புதிதாக மேடை போட வழியே இல்லை. பழுதுபார்க்க மட்டும் அனுமதி கேட்கலாம். அதுவும் அந்த வீடு 16-6-1992-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கட்டியது என்றால் தொல்லியல் துறை தலைமை இயக்குனரின் அனுமதியோடு கட்டியதாக இருக்க வேண்டும்.

ஏற்கனவே பின்பக்கம் பழைய திண்ணை இருந்து, அதன் தளம் உடைந்து போயிருந்தால் சரிசெய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த சாக்கில் 2 அடி நீட்டக் கூடாது. முழுசாக இடித்துவிட்டு புதிதாக கட்டுவதும் இந்த 100 மீட்டருக்குள் செல்லாது. பழைய சொத்து வரி ரசீது, மின் இணைப்பு ரசீது, பத்திரம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு 1992-க்கு முன்பே இருந்தது என்று காட்ட அவைதான் கைகொடுக்கும்.

அடுத்த 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் புதிதாக கட்டவும் அனுமதி கேட்கலாம். உயரத்தைத்தான் முக்கியமாக பார்ப்பார்கள். மொட்டை மாடி தண்ணீர் தொட்டி, கைப்பிடி சுவர் எல்லாம் உயரக் கணக்கில் சேரும்.

105 நாள் ஆகும்

விண்ணப்பத்தை ஆன்லைனில் போடலாம். அது "தகுதி வாய்ந்த அதிகாரி"க்கு போகும். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். அது வந்த 1 மாதத்துக்குள் அதிகாரி அனுமதி தரவோ, மறுக்கவோ வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 105 நாள். காகிதத்தில் குறை இருந்தால் இன்னும் இழுக்கும். எனவே மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதை கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் விண்ணப்பம் போட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் காத்திருப்பிலேயே போய்விடும். தை பிறந்ததும் காய்ந்த தரையில் வேலையை தொடங்கலாம்.

இந்த அனுமதி மட்டும் போதாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் 2019-ன்படி பின்பக்கம் விட வேண்டிய காலியிடம் தனி. கடல் ஓரம் என்பதால் உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை விதிகளும் வரும். உள்ளாட்சியில் பிளான் வாங்கிவிட்டேன் என்பதால் மத்திய சட்டத்தில் இருந்து தப்ப முடியாது. மூன்றையும் தனித்தனியாக கேட்டு தெரிந்துகொள்ள வேண்டும்.

மீறினால் ஜெயில்

அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து கிடைக்கலாம். 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டு பகுதிக்கும் இதே தண்டனைதான்.

கண்டும் காணாமல் விடுகிற மத்திய அரசு அதிகாரிக்கு 3 ஆண்டு வரை ஜெயில் என்று அதே சட்டம் சொல்கிறது. "நான் பார்த்துக்கறேன், நீங்க கட்டுங்க" என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

இந்த ஊரில் மண்ணுக்கு மேலே தெரிவது கொஞ்சம்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் மணல் விலகி செதுக்கிய பாறைகள் வெளியே வந்தன. பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் 2005-ல் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோவில் கிடைத்தது. அது அவ்வளவு காலமும் மண்ணுக்குள்தான் கிடந்தது.

நாம் கம்பம் ஊன்ற தோண்டும் 3 அடி குழியிலும் ஏதாவது தட்டுப்படலாம். அப்படி பழைய காசோ, சிலையோ கிடைத்தால் 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்கு தகவல் சொல்ல வேண்டும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே இந்த விதி பொருந்தும்.

அதே நேரத்தில் மக்களின் கஷ்டமும் நியாயமானதுதான். தலைமுறையாக இருக்கிற வீடு. பிள்ளைகளுக்கு கல்யாணம் ஆகி குடும்பம் பெருகினாலும் ஒரு அறை கூட்ட முடியாது. கல் சிற்பத் தொழிலாளி நிழலுக்கு ஒரு கொட்டகை போடவும் யோசிக்க வேண்டும். சின்னத்தை பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் ஊர் பிழைக்கிறது. அந்த சின்னத்தால்தான் வீட்டை நீட்டவும் முடியவில்லை.

அனுமதி கிடைத்தவர்கள் எப்படி போடலாம்?

10 அடிக்கு 12 அடி மேடை என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குல அகலம், 1 அங்குல கனம் உள்ள பலகைக்கு இடையில் கால் அங்குலம் இடைவெளி விட்டால் 12 அடி நீள பலகை 28 வேண்டும். மரக்கடை கணக்கில் சுமார் 9½ கன அடி. சேதாரத்துக்கு பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள். அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்று என்று 9 குறுக்குச் சட்டம் போதும்.

மரம் மண்ணைத் தொடக் கூடாது. தொட்டால் கரையான் ஏறிவிடும். கருங்கல் துண்டு அல்லது சிமெண்ட் கட்டை மேல் சட்டத்தை உட்கார வைத்து, தரையில் இருந்து ஒரு அடி உயர்த்தினால் அடியில் காற்று ஓடும். ஆழமாக தோண்டும் வேலையும் மிச்சம்.

உப்புக்காற்றில் சாதா ஆணி சீக்கிரமே துருப்பிடித்து பலகையை கறையாக்கும். துருப்பிடிக்காத எஃகு ஸ்குரு போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பலகை ஆடாது. இடித்த வீட்டு தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். சவுக்குக் கம்பை மண்ணில் நட்டால் சீக்கிரம் இற்றுவிடும்.

வீட்டுச் சுவரில் மேடையை ஆணி அடித்து சேர்க்காமல் ஒரு அங்குலம் தள்ளி போட்டால் மழை ஈரம் சுவரில் இறங்காது. தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் வெளிப்பக்கம் சற்று சரிவு வையுங்கள்.

மரமே வேண்டாம் என்பவர்கள் கல் பலகை போடலாம். இது கல் ஊர்தானே, கல் வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் கல் போட்டாலும் அனுமதி, அனுமதிதான்.

அதனால் மரக்கடைக்கு போகும் முன், உங்கள் வீடு எந்த சின்னத்தில் இருந்து எத்தனை மீட்டர் என்று தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.