பானைக்குள் ஸ்பீக்கர்!

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் செய்யும் முதல் வேலை பாட்டு கேட்பது. இரண்டாவது வேலை, "பேஸ் பத்தவில்லை" என்று புது ஸ்பீக்கருக்கு விலை விசாரிப்பது. கொஞ்சம் பொறுங்கள். எங்கள் மதுரைப் பக்கம் சில டீக்கடைகளில் மண்பானையில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுப் போடுவார்கள். வேடிக்கையாகத் தெரிந்தாலும் அதில் அசல் இன்ஜினியரிங் இருக்கிறது.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அடைப்பு இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலிகளில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். தபேலா காணாமல் போவது இதனால்தான். பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் பின்பக்க ஒலி உள்ளேயே அடைபடுகிறது.

மரப்பெட்டி போதாதா என்கிறீர்களா? 1951-ல் ஹாரி ஓல்சன் என்ற அமெரிக்க ஒலியியல் நிபுணர் பல வடிவ அடைப்புகளை ஒப்பிட்டு அளந்தார். கோளத்தில்தான் ஒலி மிகச் சீராக வந்தது. கூர்மையான விளிம்புகளில் ஒலி சிதறும். கோளத்தில் அவை இல்லை. நம் பானை முழுக் கோளம் இல்லைதான், ஆனால் மூலைகளும் இல்லையே!

பழைய டேப்ரெக்கார்டரின் 4 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஒரே அளவுப் பானை இரண்டு போதும். பானையின் வாய் ஸ்பீக்கரின் விளிம்பைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கட்டும். வாங்கும்போது தட்டிப் பாருங்கள். மானாமதுரைக் கடம் என்றால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நமக்கு அது வேண்டாம். 'தொம்' என்று அடங்கும் கனமான பானையே நல்லது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி விளிம்பில் வைத்து இடைவெளியை அடையுங்கள். ஒயரையும் அதன் அடியிலேயே எடுத்துவிடலாம். துளை போட்டால் பானை விரிசல் விடும். உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு. பானையைப் பிரிமணையில் சாய்த்து, வாய் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள்.

சவுண்டு கார்டிலிருந்து நேராக இணைத்தால் சத்தம் வராது. நடுவில் ஆம்ப்ளிஃபயர் தேவை. கரண்டில் செருகும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

பொருத்தும் முன் 1.5 வோல்ட் செல்லை ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு பக்கம் மாறிப்போனாலும் பேஸ் சுருங்கிவிடும். பானையே வாங்காதவர்களும் பெட்டிகளுக்குப் போகும் ஒயர்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

எல்லா வித்தையும் பலிக்காது. சிடியின் ஓரத்தில் பச்சை மை தடவினால் ஒலி மேம்படும் என்று 1990 வாக்கில் வெளிநாட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. தடவுவதற்கு முன்னும் பின்னும் ஒரே பாட்டை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி இரண்டு ஃபைல்களையும் ஒப்பிட்டேன். ஒரு பைட் கூட மாறவில்லை.

பானையையும் இப்படிச் சோதிக்கலாம். நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேளுங்கள். ஒலியளவு இரண்டிலும் சமமாக இருக்கட்டும். சத்தம் கூடியது எதுவும் காதுக்கு நல்லதாகவே படும்.